அரபு ரத்தத்தில் புள்ளிக் குதிரை: சின்னப் பண்ணையில் இது எப்படி நடக்கிறது

புள்ளி போட்ட அரபுக் குதிரை வேண்டும் என்று தேடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: சுத்த அரபு இனத்தில் அந்தப் புள்ளி கிடையாது. வெள்ளை உடம்பு முழுக்கக் கருப்புப் பொட்டுகள், அல்லது பின்பக்கம் மட்டும் வெளுத்து அதன்மேல் பொட்டுகள் என்று வரும் அந்த நிறத்துக்குக் காரணமான மரபணு மாற்றம் சுத்த அரபு வம்சங்களில் இல்லை. அரபுகளில் நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, வயிற்றோரம் ஏறி வரும் வெள்ளைத் திட்டு எல்லாம் உண்டு, வயதான சாம்பல் குதிரைகளின் உடம்பில் பழுப்புத் துகள் தூவியதுபோலச் சின்னப் புள்ளிகள் தெரிவதும் உண்டு, ஆனால் அவையெல்லாம் வேறு மரபணுக்களின் வேலை. ஆகவே இந்தப் பொட்டுகள் உள்ள குதிரையை ஒருவர் 'சுத்த அரபு' என்று சொல்லி விற்றால் வம்சப் பத்திரத்தையும் மரபணுப் பரிசோதனையையும் கேளுங்கள். புள்ளியும் அரபு அமைப்பும் சேர்ந்து வேண்டுமென்றால் கலப்பு செய்துதான் ஆகவேண்டும், அந்தக் கலப்பைக் கணக்குப் போட்டுச் செய்யவும் முடியும். நான்கைந்து குதிரை மட்டும் வைத்திருக்கிற ஒருவருக்கு அந்தக் கணக்கு ரொம்பவே முக்கியம்.

இந்தக் கலப்பு இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் வடமேற்கில் நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்கள் நல்ல குதிரை வளர்ப்பாளர்களாக இருந்தார்கள், அவர்களுடைய மந்தைகளில் புள்ளிக் குதிரைகளும் இருந்தன. 1877-ல் ராணுவம் அவர்களைத் துரத்தியது, மாதக்கணக்கில் மலைகளைத் தாண்டி ஓடிய பிறகு தலைவர் ஜோசப் சரணடைந்தார், மந்தைகள் பறிபோய் நாலா பக்கமும் சிதறின. அறுபது வருடம் கழித்து, 1938-ல், ஆரிகன் மாநிலத்தில் கிளாட் தாம்ப்சன் என்ற விவசாயி முன்னின்று, அப்பலூசா என்று பெயர் பெற்ற அந்தப் புள்ளி இனத்துக்காக அப்பலூசா குதிரைச் சங்கத்தை ஆரம்பித்தார். மிச்சமிருந்த புள்ளிப் பெட்டைகளோடு அவர் சேர்த்தது ஃபெராஸ் என்ற அரபு ஆண் குதிரையை. அதற்கு 1946-ல் பிறந்த ரெட் ஈகிள் இனத்தின் புகழ்பெற்ற தகப்பன்களில் ஒன்றாக ஆனது. அரபு ரத்தம் வந்தால் இனத்தின் தரம் திரும்பும் என்பது தாம்ப்சனின் நம்பிக்கை. பிற்காலத்தில் வேகமும் சதைப்பிடிப்பும் விரும்பியவர்கள் குவார்ட்டர் குதிரையோடு கலந்தார்கள், இன்று பெரும்பாலான அப்பலூசாக்களின் உடல்வாகு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அரபு, தரோபிரெட், குவார்ட்டர் ஆகிய மூன்று இனங்களோடும் கலக்கச் சங்கம் அனுமதிக்கிறது. அரபுக் கலப்பு அதில் சிறுபான்மை, பெரும்பாலும் சின்னப் பண்ணைகளின் வேலை. என்னைக் கேட்டால் அந்தச் சிறுபான்மைதான் இனத்தின் ஆரம்ப யோசனைக்கு நெருக்கமாக நிற்கிறது. நீண்ட தூர ஓட்டப் போட்டிகளில் அரபுகள் எப்படி ஆதிக்கம் செலுத்துகின்றன என்று பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

புள்ளி வேறு இடங்களிலும் உண்டு. டென்மார்க்கின் நாப்ஸ்ட்ரப்பர் இனம் 1812-ல் ஒரே ஒரு புள்ளிப் பெட்டையிலிருந்து தொடங்கியது. பிரான்சின் பெஷ் மெர்ல் குகைச் சுவரில் ஏறத்தாழ 25,000 ஆண்டுகளுக்கு முன் வரைந்த புள்ளிக் குதிரைகளைக் கற்பனை என்றே பலர் நினைத்தார்கள். 2011-ல் பழங்காலக் குதிரை எலும்புகளின் டிஎன்ஏவில் அதே மரபணு மாற்றம் கிடைத்த பிறகுதான், கண்ணால் பார்த்ததைத்தான் அவர்கள் வரைந்திருக்கிறார்கள் என்று சொல்ல முடிந்தது.

சரி, அந்த மாற்றம் என்ன செய்கிறது? இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கிவிடும். அந்த மாற்றத்தை லெப்பர்ட் காம்ப்ளெக்ஸ், சுருக்கமாக எல்பி என்று சொல்கிறார்கள். டிஆர்பிஎம்1 என்ற மரபணுவுக்குள் ஒரு பழைய வைரஸ் துண்டு நுழைந்து உட்கார்ந்திருக்கிறது, 2013-ல் இதை உறுதி செய்தார்கள். தகப்பனிடமிருந்தோ தாயிடமிருந்தோ ஒரு பிரதி வந்தாலே போதும், குட்டியிடம் அடையாளம் தெரியும்: மூக்கைச் சுற்றியும் வாலடியிலும் தோல் இளஞ்சிவப்பும் கருப்புமாகப் புள்ளி புள்ளியாக இருக்கும், கண்ணின் வெள்ளை வெளியே தெரியும், குளம்பில் நெடுக்காகக் கோடுகள் ஓடும். ஆனால் எல்பி மட்டும் இருந்தால் அந்தப் பெரிய வெள்ளையும் பொட்டுகளும் வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. உடம்பில் எவ்வளவு வெள்ளை விரியும் என்பதை வேறு மரபணுக்கள் முடிவு செய்கின்றன, அவற்றில் முக்கியமானது பேட்டன்-1. எல்பியும் பேட்டன்-1-ம் சேர்ந்தால் உடம்பின் பெரும்பகுதி வெளுத்து, சிறுத்தைப் புள்ளி முழுசாக வரும். பேட்டன்-1 இருந்து எல்பி இல்லாவிட்டால் குதிரை சாதாரண ஒற்றை நிறக் குதிரைதான், உள்ளே ஒளிந்திருப்பது வெளியே தெரியாது.

இன்னொரு விசித்திரம்: எல்பி ஒரு பிரதி இருந்தால் பொட்டுகள் நிறைய வரும், இரண்டு பிரதி இருந்தால் பொட்டுகள் குறைந்துவிடும். இரட்டை எல்பியோடு பேட்டன்-1-ம் உள்ள குதிரை கிட்டத்தட்ட வெள்ளையாக, அங்கங்கே ஓரிரு பொட்டோடு நிற்கும். இதற்கு ஃபியூஸ்பாட் என்று பெயர். பார்க்க அவ்வளவு கவர்ச்சி இருக்காது. ஆனால் வளர்ப்பவருக்கு இதுதான் பொக்கிஷம், ஏனென்றால் இது தன் எல்லாக் குட்டிகளுக்கும் எல்பியைக் கொடுத்தே தீரும். பேட்டன்-1-ம் அதனிடம் இரட்டையாக இருந்தால், அரபுப் பெட்டையோடு சேர்க்கும்போது பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் ஒற்றை எல்பி, ஒற்றை பேட்டன்-1. அதாவது ஒவ்வொன்றும் ஏறக்குறைய முழுப் புள்ளிக் குதிரை.

இப்போது இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நன்றாகப் பொட்டு போட்ட, கண்ணைப் பறிக்கிற ஒற்றை எல்பி ஆண் குதிரையை ஒருவர் பார்க்கிறார், மயங்கிவிடுகிறார், தன் அரபுப் பெட்டைக்கு அதையே தேர்ந்தெடுக்கிறார். எல்பி வர வாய்ப்பு பாதிக்குப் பாதி, அதுவும் பேட்டன்-1-ம் சேர்ந்து வர நான்கில் ஒன்று, அந்த ஆண் குதிரையிடம் பேட்டன்-1 ஒற்றையாக இருக்கும்பட்சத்தில். மூன்று குட்டி பிறந்து மூன்றிலும் எல்பி வராமல் போக எட்டில் ஒரு வாய்ப்பு. வருடத்துக்கு ஐம்பது குட்டி பார்க்கும் பெரிய பண்ணையில் இந்த விகிதமெல்லாம் சராசரியில் சரியாகிவிடும். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ பிறக்கும் இடத்தில் சராசரி என்று எதுவும் இல்லை, ஒவ்வொரு சினையும் தனித்தனிச் சீட்டாட்டம். அதனால்தான் சின்னப் பண்ணைக்காரர் பரிசோதனை செய்யாத ஆண் குதிரையைத் தொடவே கூடாது என்று நினைக்கிறேன். பிடரியிலோ வாலிலோ வேரோடு பிடுங்கிய சில மயிர்களை ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும், எல்பி, பேட்டன்-1 இரண்டுக்கும் விடை வந்துவிடும்.

அரபுப் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது: சாம்பல் நிறம். அரபுகளில் சாம்பல் மிகச் சாதாரணம், அதன் மரபணு ஆதிக்கம் செலுத்தும் ரகம், ஒரு பிரதி போதும். பிறக்கும்போது குட்டி கருப்பாகவோ சிவப்பாகவோ அழகான பொட்டுகளோடு இருக்கும். பிறகு வருடத்துக்கு வருடம் மயிர் வெளுத்துக்கொண்டே போய், சில வருடங்களில் வெள்ளைக் குதிரை ஒன்றுதான் மிஞ்சும், பொட்டுகள் இருந்த இடம் குளிப்பாட்டி நனைத்தால் தோலில் மட்டும் தெரியும். சாம்பல் பெட்டையிடம் சாம்பல் மரபணு ஒற்றையாக இருந்தாலே குட்டிகளில் பாதி இப்படி ஆகும், இரட்டையாக இருந்தால் அத்தனையும். புள்ளிக்காகக் கலப்பு செய்கிறவர் சாம்பல் அரபைத் தேர்ந்தெடுப்பதற்கு நியாயமே இல்லை. வயதான சாம்பல் குதிரைகளில் வாலடியிலும் பின்பக்கத்திலும் மெலனோமா என்ற தோல் புற்றுக் கட்டிகள் மிக அதிகம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. செஸ்ட்நட் (செம்பழுப்பு), பே (கருப்புப் பிடரியோடு பழுப்பு), கருப்பு என்று அடி நிறம் உள்ள அரபுப் பெட்டைகள் நிறையவே இருக்கின்றன. குட்டியை வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும்: தாயோ தகப்பனோ சாம்பலாக இருந்தால், குட்டியின் கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்டதுபோல வெள்ளை மயிர் முளைக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது கண். இந்த விஷயத்தில்தான் எனக்கு அக்கறை அதிகம், இதைப் பலர் விற்பனைப் பேச்சில் விட்டுவிடுகிறார்கள்.

டிஆர்பிஎம்1 நிறத்தோடு மட்டும் நிற்பதில்லை. விழித்திரையில், மங்கிய வெளிச்சத்தை உணரும் செல்களிடமிருந்து சேதியை வாங்கி அடுத்த கட்டத்துக்குக் கடத்தும் செல்களுக்கும் அது தேவை. இரண்டு பிரதியும் கெட்டுவிட்டால் அந்தச் சேதி போய்ச் சேராது. ஆகவே இரட்டை எல்பி குதிரைகள் எல்லாமே பிறவியிலேயே இரவில் பார்வை இல்லாதவை. பகலில் சரியாகப் பார்க்கும், வயதானால் கூடவும் கூடாது, குறையவும் குறையாது, மருந்தும் கிடையாது. ஒற்றை எல்பிக்கு இந்தக் குறை இல்லை. அரபுக் கலப்பின் உண்மையான நன்மை இங்கேதான் இருக்கிறது, அழகைவிட இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்: பேட்டன்-1-ம் இரட்டையாக உள்ள ஃபியூஸ்பாட் ஆண் குதிரையை எல்பி இல்லாத அரபுப் பெட்டையோடு சேர்த்தால் புள்ளி உறுதி, இரவுப் பார்வையும் உறுதி. அதற்கு மாறாக, புள்ளிக் குதிரையோடு புள்ளிக் குதிரையைச் சேர்த்தால், இரண்டும் ஒற்றை எல்பியாக இருக்கும்போது, நான்கில் ஒரு குட்டி இரவுக் குருடாகப் பிறக்கும்.

இதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். நாம் பயன்படுத்தும் அந்த ஃபியூஸ்பாட் தகப்பனே இரவுக் குருடுதான். யாரோ ஒருவர் புள்ளியோடு புள்ளியைச் சேர்த்ததால் பிறந்தது அது. அப்படிப்பட்ட குதிரை நன்றாக வாழ முடியும்: அந்தி சாயும் முன் தெரிந்த லாயத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும், வேலி பளிச்சென்று இருக்க வேண்டும், முள்கம்பி கூடாது, பொருள்களை இடம் மாற்றிவைக்கக் கூடாது, இருட்டில் சவாரியும் வேண்டாம், வண்டியில் ஏற்றவும் வேண்டாம், பக்கத்தில் அமைதியான துணைக் குதிரை இருந்தால் இன்னும் நல்லது. இதையெல்லாம் வருடக்கணக்கில் செய்கிற அனுபவசாலிகள் இருக்கிறார்கள், ஃபியூஸ்பாட் அவர்களிடம் இருக்கட்டும். குறைந்த இடமும் குறைந்த ஆளும் உள்ள பண்ணையில் இரட்டை எல்பி குட்டியைத் திட்டமிட்டு உண்டாக்குவது சரியல்ல என்பது என் முடிவு. அந்தக் குட்டி கைமாறிக் கைமாறிப் போகும் இடங்களில் எல்லாம் இந்தக் கவனிப்பு கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது, குதிரை 25, 30 வருடம் வாழும் பிராணி.

இரவுப் பார்வையைத் தவிர யுவெய்ட்டிஸ் என்ற கண் அழற்சியும் இருக்கிறது. திரும்பத் திரும்ப வந்து கடைசியில் பார்வையைப் பறிக்கும் நோய் இது, குதிரைகள் குருடாவதற்கு உலகம் முழுக்க முதல் காரணம். அப்பலூசாக்களுக்கு இது வரும் அபாயம் மற்ற இனங்களைவிட ஏறத்தாழ 8 மடங்கு என்று கண்டிருக்கிறார்கள், எல்பி அதற்கு ஒரு காரணி, இரட்டை எல்பிக்கு அபாயம் இன்னும் கூடுதல். சங்கடம் என்னவென்றால், அப்பலூசாக்களில் அது கண்ணீர், சிவப்பு, கண்ணை மூடிக்கொள்வது போன்ற பளிச்சென்று தெரியும் அறிகுறி இல்லாமல் மெதுவாக உள்ளுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கலாம். ஆகவே ஆண் குதிரையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் கண்ணை மட்டும் பார்த்தால் போதாது, அதன் தாய், தகப்பன், உடன்பிறப்புகள் 15 வயதில் எப்படிப் பார்த்தன என்று கேளுங்கள். பிறந்த குட்டிகளுக்கும் வருடத்துக்கு ஒருமுறையாவது கால்நடை மருத்துவரை விட்டுக் கருவியோடு கண்ணைப் பார்க்க வைக்க வேண்டும்.

மற்ற பரம்பரை நோய்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அரபுப் பக்கம் மூன்று: எஸ்சிஐடி என்ற நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாத நிலை, சிறுமூளைச் சிதைவு, லாவெண்டர் குட்டி நோய் என்ற நரம்பு நோய். மூன்றும் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் தாக்கும். ஆகவே அரபு ரத்தமே இல்லாத அப்பலூசாவோடு முதல் கலப்பில் குட்டிக்கு நோய் வராது, ஆனால் அது சுமந்துகொண்டிருக்கலாம், அதைத் திரும்ப அரபோடு சேர்க்கும்போது வெடிக்கலாம். எஸ்சிஐடி குட்டி பிறக்கும்போது ஆரோக்கியமாகவே தெரியும், தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி தீர்ந்த பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தொற்று வந்து ஐந்தாறு மாதத்துக்குள் இறந்துபோகும். அப்பலூசாப் பக்கம் குவார்ட்டர் ரத்தத்தோடு சேர்ந்து வந்தவை: தசை நோய்களான எச்ஒய்பிபியும் பிஎஸ்எஸ்எம்-1-ம். இவை இரண்டும் ஒரு பிரதி இருந்தாலே தாக்கும், ஆகவே முதல் கலப்பிலேயே குட்டிக்கு வந்துவிடலாம். எல்லாவற்றுக்கும் பரிசோதனை உண்டு. பரிசோதனை முடிவு காட்ட மறுக்கும் ஆண் குதிரைக்காரரிடம் மேலே பேச எதுவும் இல்லை.

இனி பண்ணை. சின்ன இடத்தில் சொந்தமாக ஆண் குதிரை வைத்துக்கொள்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதற்கென்று உயரமான தனி வேலி, தனி லாயம், கையாளத் தெரிந்த ஆள் எல்லாம் வேண்டும், அப்புறம் அது வருடத்தில் பெரும்பகுதி மற்ற குதிரைகளோடு சேராமல் தனியாக நிற்கும், அது அதற்குச் செய்யும் கொடுமை. செயற்கைக் கருவூட்டல் இருக்கிறது. குளிரூட்டிய விந்து ஓரிரு நாளுக்குள் பயன்பட வேண்டும். உறைய வைத்தது எவ்வளவு தூரத்திலிருந்தும் வரும், ஆனால் முட்டை வெளிப்படும் நேரத்தை ஸ்கேனில் மணிக்கணக்கில் பின்தொடர வேண்டியிருக்கும், சினை பிடிக்கும் விகிதமும் பொதுவாகக் குறைவு. முதல் முறை செய்கிறவருக்குக் குளிரூட்டியதே நல்லது. பெட்டை வெளிச்சம் நீளும் பருவத்தில்தான் ஒழுங்காகச் சூட்டுக்கு வரும், ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை. கருவூட்டிய 14, 15-ம் நாளில் ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும், இரட்டைக் கரு இருந்தால் அப்போதே ஒன்றை நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெரும்பாலும் இரண்டும் போகும், சில நேரம் தாயும் ஆபத்தில் மாட்டிக்கொள்ளும்.

முடிந்தால் ஒரே வருடத்தில் இரண்டு பெட்டைகளைச் சினைப்படுத்துங்கள், அடுத்த வருடம் ஓய்வு விடுங்கள். ஒற்றைக் குட்டியாக வளர்ந்தது மனிதரோடு முரட்டு விளையாட்டு விளையாடும், மற்ற குதிரைகளோடு பழகத் தெரியாது. இரண்டு குட்டிகள் சேர்ந்து வளர்ந்தால் பால் மறக்கடிக்கும் நாளும் இரண்டுக்கும் சுலபமாகக் கடக்கும்.

சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள், ஈனுவது பெரும்பாலும் இரவில். பனிக்குடம் உடைந்தால் அரை மணிக்குள் குட்டி வெளியே இருக்க வேண்டும். ஒரு மணிக்குள் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணிக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் நஞ்சுக்கொடி விழுந்துவிட வேண்டும். இதில் எது தவறினாலும் மருத்துவரைக் கூப்பிடத் தயங்காதீர்கள். குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி சீம்பாலில் மட்டுமே வருகிறது, குடல் அதை உறிஞ்சுவது முதல் நாளோடு முடிந்துவிடுகிறது. முதல் வெளிச்சத்தில் எல்லோரும் பொட்டு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நான் முதலில் கால் மூட்டுகளையும் குடிக்கிற விதத்தையும் பார்க்கச் சொல்வேன்.

பொட்டே இல்லாமல் பிறந்தாலும் அவசரப்பட வேண்டாம். எல்பி உள்ள குட்டி ஒற்றை நிறமாகப் பிறந்து, ஒவ்வொரு முறை மயிர் கொட்டும்போதும் வெள்ளை மயிர் கலந்து கலந்து, ஐந்தாறு வயதில் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிப்போவது உண்டு. முகத்து எலும்பு, இடுப்பு முனை, முழங்கால் போன்ற மேட்டு இடங்கள் மட்டும் கருத்தே இருக்கும். இதற்கு வார்னிஷ் ரோன் என்று பெயர். ஆகவே வாங்க வருகிறவரிடம் 'இப்படியே இருக்கும்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள், பரிசோதனைத் தாளைக் காட்டுங்கள்.

முதல் கலப்புக் குட்டி பாதி அரபு. அரபுச் சங்கத்தின் அரை-அரபுப் பதிவேட்டில் அதைப் பதியலாம், அப்பலூசா சங்கத்தின் விதிகளுக்குப் பொருந்தினால் அங்கேயும் பதியலாம். இன்னும் அரபு அமைப்பு வேண்டுமென்றால் புள்ளிப் பெண்குட்டியைத் திரும்பவும் அரபோடு சேர்க்க வேண்டும்: முக்கால், பிறகு எட்டில் ஏழு. ஆனால் இந்தக் கட்டத்தில் ஃபியூஸ்பாட்டின் உறுதி நம் கையில் இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் எல்பி பாதிக் குட்டிகளுக்குத்தான் போகும், பேட்டன்-1-ம் சேர்ந்து கிடைப்பது நான்கில் ஒன்று. பெட்டை வளர்ந்து ஈனக் குறைந்தது நான்கைந்து வருடம் என்றால் எட்டில் ஏழு பங்கு அரபாக, நன்றாகப் பொட்டு போட்ட குதிரையைப் பார்க்க 12-லிருந்து 15 வருடம் ஆகும், அதுவும் ஆண்குட்டிகளாகவே பிறந்து தொலைக்காமல் இருந்தால். நடுவில் பிறக்கும் பொட்டில்லாத குட்டிகள் அத்தனையும் நல்ல சவாரிக் குதிரைகளாக இருந்தால்தான் அவற்றுக்கு நல்ல வீடு கிடைக்கும். அதனால் பெட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது கால், குளம்பு, முதுகு, குணம் இவற்றில் தேறாததை நிறத்துக்காக வைத்துக்கொள்ள இடமே கிடையாது.

பலர் முதல் கலப்போடு நிறுத்திவிடுகிறார்கள், நானும் அதையே சொல்வேன். நல்ல அரபுப் பெட்டைகள் இரண்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கண் சுத்தமான வம்சத்து, அரபு ரத்தம் கலக்காத, பேட்டன்-1-ம் இரட்டையாக உள்ள ஃபியூஸ்பாட்டின் விந்தை வரவழைத்தால், புள்ளி தவறாது, இரவுப் பார்வை தவறாது, அரபுப் பக்கத்து நோய்கள் குட்டியைத் தாக்காது. அப்படிப் பிறக்கும் ஆண்குட்டிகளைக் காயடித்துச் சவாரிக்குக் கொடுத்துவிடலாம். எவ்வளவு அழகான பொட்டாக இருந்தாலும் அவை ஒற்றை எல்பிதான், ஆண் குதிரையாக வைத்துக்கொண்டு அவை தரப்போவது பாதி வாய்ப்பு மட்டுமே, காயடித்தால் மற்ற குதிரைகளோடு சேர்ந்து மேயும்.